சுருட்டுப் பெட்டின்னா கலை, தீப்பெட்டின்னா குப்பையா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் சுருட்டுப் பெட்டி மூடிக்குள் ஒட்டின காகிதத்தை இன்றைக்கு ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். கல்லச்சுக் கலை என்கிறார்கள். ஏலம் விடுகிறார்கள், தடி தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். அதே தொழில்நுட்பத்தில், அதே காரணத்துக்காக நம்ம சிவகாசியில் அடித்த தீப்பெட்டி லேபிளைச் சேர்க்கிறேன் என்று வகுப்பில் சொன்னேன். கிடைத்த பதில்: "ஏன்டா, குப்பை பொறுக்கறியா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். கொஞ்சம் நீளமான பதில், கொஞ்சம் காரமான பதில். காரத்தில் பாதி சிரித்த மகராசன்களுக்கு. மீதிப் பாதி என்னை மாதிரியே லேபிள் சேர்க்கிற கூட்டத்துக்கு. நம்ம லேபிள் குப்பையாகப் பார்க்கப்படுவதில் சேர்க்கிறவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல்ல அந்தச் சுருட்டுப் பெட்டி

1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். போருக்குக் காசு வேணும். புகையிலைக்கு வரி போட்டார்கள். சுருட்டைப் பெட்டியில் அடைத்து, வரி கட்டியதற்கான முத்திரைத் தாளை ஒட்டித்தான் விற்கணும் என்று ஆனது. தெருவுக்கு ஒரு சின்னச் சுருட்டுக் கம்பெனி இருந்த காலம் அது. எல்லோருடைய பெட்டியும் ஒரே மாதிரி மரப்பெட்டி. கடைக்காரர் மூடியைத் திறந்து வைத்தால் வாங்க வருகிறவன் கண்ணில் முதலில் படுவது மூடியின் உட்பக்கம்தான். சண்டை முழுக்க அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் நடந்தது.

அதை அச்சடித்த முறை லித்தோகிராஃபி. தமிழில் கல்லச்சு. 1790களின் கடைசியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தது. சூத்திரம் நம்ம வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது: எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மசியால் படம் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரையாத இடமெல்லாம் தண்ணியைப் பிடித்துக்கொள்ளும். மேலே எண்ணெய் மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி.

கேட்க சுலபமாக இருக்கிறதா? கலர் வேணும் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு தனிக் கல். நல்ல சுருட்டு லேபிளுக்கு எட்டு, பத்துக் கல் கூடப் போகும். ஒவ்வொரு கல்லிலும் அந்தக் கலர் எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்பதை ஒரு மனுஷன் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கையால் வைக்கணும். அதுவும் இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி. எல்லாக் கல்லும் ஒன்றன் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்காரணும். அப்புறம் தங்கத்தூள் மாதிரி மினுக்கும் வெண்கலத் தூள், புடைப்பு அச்சு எல்லாம் தனி. 1920கள் வாக்கில் கேமரா வழி அச்சு வந்து இந்தக் கைவேலையை ஓரங்கட்டியது.

கவனியுங்கள், இதை அடித்தவன் யாரும் 'கலை படைக்கிறேன்' என்று அடிக்கவில்லை. சுருட்டு விற்க அடித்தான்.

இப்ப நம்ம கதை

சுருட்டுக்கு நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை 1887இல் வந்தது. அதிலேயே மனுஷன் சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்து விடுகிறார். உறையூரும் திண்டுக்கல்லும் அவ்வளவு பிரபலம். மதராஸ் ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது. ஆனால் நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை புழங்கின கல்லச்சு லேபிள் சுருட்டோடது இல்லை, தீப்பெட்டியோடது.

ஆரம்பத்தில் தீப்பெட்டி ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் என்று கப்பலில் வந்தது. அந்த ஊர்க்காரர்களே நம்ம சாமி படங்களைப் போட்டு நமக்கு விற்றார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923இல் தொழில் தொடங்கியது. அதே 1923இல்தான் ஸ்வீடன் முதலாளிகளின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் காலூன்றியது. ஒரு பக்கம் யந்திரம், மூலதனம், உலகம் பூரா கிளை. இன்னொரு பக்கம் கையால் குச்சி அடுக்குகிற சின்னச் சின்ன மேட்ச் ஒர்க்ஸ்.

அந்தச் சின்னக் கம்பெனிகளிடம் இருந்த ஆயுதம் என்ன? லேபிள். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்து தெரியாத காலம். "யானை படம் போட்ட பெட்டி குடு", "மயில் படம் குடு" என்றுதான் கேட்பார்கள். படம்தான் பெயர், படம்தான் கையெழுத்து, படம்தான் நம்பிக்கை. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் வந்தது. பெட்டிக்கு வரிப் பட்டைத்தாளும் வந்தது. அமெரிக்கச் சுருட்டுப் பெட்டிக்கு நடந்த அதே கதை! அங்கேயும் சின்னக் கம்பெனிகளின் போட்டி, இங்கேயும் அதே. அங்கேயும் வரி, இங்கேயும் வரி. அங்கேயும் கல்லச்சு, இங்கேயும் கல்லச்சு.

இந்த லேபிள் தேவையில்தான் சிவகாசியில் அச்சுத் தொழிலே வளர்ந்தது. பிறகு பட்டாசு லேபிள், காலண்டர் என்று பெருகியது. கல் போய், துத்தநாகத் தகடு போய், ஆஃப்செட் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனாலும் கொரோனேஷன் லித்தோ ஒர்க்ஸ், ஓரியண்ட் லித்தோ பிரஸ் என்று அந்த ஊர் அச்சகப் பெயர்களில் 'லித்தோ' இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு பழைய லேபிளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆஃப்செட் அச்சில் நாலு கலர் புள்ளிகளும் கோலம் போட்ட மாதிரி ஒரே கணக்காக வரிசை கட்டும். கையால் பண்ணின லித்தோவில் அந்த ஒழுங்கு இருக்காது. ஒரு புள்ளி பெரிசு, ஒன்று சின்னது, கன்னத்தில் நெருக்கம், நெற்றியில் கலக்கம். அந்தக் கலைந்த புள்ளிகள் ஒரு மனுஷனின் கை அசைவு. கட்டைவிரல் அளவு முருகன் முகத்தில் அதைப் பார்த்த பிறகு குப்பை என்ற வார்த்தை வாயில் வருகிறதா என்று சொல்லுங்கள்.

வழக்கமான ஆட்சேபணைகள்

"எல்லாம் காப்பிப்பா. ரவிவர்மா படத்தைச் சுட்டது, சினிமா ஸ்டில்லைச் சுட்டது."

ஆமாம், நிறைய காப்பிதான். அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அங்கே அச்சகக்காரர் ஒரே படத்தை அடித்து வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி நாலு சுருட்டுக் கம்பெனிக்கு விற்பார். ரவிவர்மா பேச்சு வந்ததால் சொல்கிறேன். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே தன் எண்ணெய் ஓவியங்களைக் கல்லச்சில் அடித்து ஊர் பூராவும் கொண்டு போகத்தான். பின்னாளில் அது ஜெர்மன்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போய், விளம்பரப் படமும் லேபிளும் அடித்தது. அரண்மனைச் சுவருக்கும் பெட்டிக்கடை மாடத்துக்கும் நடுவில் அப்படி ஒன்றும் மதில் கட்டி வைத்திருக்கவில்லை. ஒரு ஆள் உயரப் படத்தை இரண்டு அங்குலத்துக்குள், நாலைந்து கலருக்குள் இறக்குவது வெறும் காப்பியா? முயற்சி பண்ணிப் பாருங்கள், தெரியும்.

"இது வியாபாரச் சரக்கு. காலண்டர் சாமி படம். இதெல்லாம் கலையா?"

திருவண்ணாமலைக்காரன் எவனாவது இதைச் சொன்னால் எனக்கு ரொம்பக் கோபம் வரும். நம்ம தமிழ்நாட்டுக் காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் நம்ம ரமணாசிரமத்தில் சாமியார் வாழ்க்கை வாழ்ந்தவர். வேங்கிக்காலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் போய் நிற்கலாம். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் சீடர்களும் எழுதிய லட்சுமியும் மீனாட்சியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி நம்ம பாட்டி வீட்டுப் பூஜை அறை வரைக்கும் வந்தார்கள். 1976இல் காலமானார். அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீஃபன் இங்லிஸ் என்ற கனடாக்காரர். கனடாவிலிருந்து ஒருத்தர் கிளம்பி வந்து பார்த்ததை, கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் ஊர் சுற்றுகிற நாம் பார்க்கவில்லை.

"புகையிலையையும் குழந்தைத் தொழிலாளரையும் அழகுபடுத்தறீங்க."

இது ஒன்றுதான் உருப்படியான ஆட்சேபணை. மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. புகையிலை கொல்லும், அதில் பேச்சே இல்லை. 2009 மே 31 முதல் புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016 ஏப்ரல் 1 முதல் அது 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது. நல்லதுதான். நான் பழைய பீடி லேபிளைச் சேர்ப்பதால் எவனும் பீடி குடிக்க ஆரம்பிக்கப் போவதில்லை.

தீப்பெட்டி விஷயம் இன்னும் கனமானது. பெட்டி ஒட்டியதும் கட்டை அடுக்கியதும் லேபிள் ஒட்டியதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இவ்வளவு என்று கூலி. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இதைத்தான் காட்டியது. 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டணும் என்று தீர்ப்பு சொன்னது.

அப்போ லேபிளை வைத்துக்கொள்ளக் கூடாதா? நான் தலைகீழாகச் சொல்கிறேன். லேபிளைத் தூக்கிப் போட்டால்தான் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து மறைந்து போவார்கள். ஓரத்தில் பசை வழிந்து காய்ந்த லேபிள், கோணலாக ஒட்டின லேபிள் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அதை ஒட்டின விரல் என்னோடதைவிடச் சின்னதாக இருந்திருக்கலாம். அழகை மட்டும் வெட்டி எடுத்து வைப்பதுதான் அழகுபடுத்தல். முழுசாக வைத்துக்கொள்வது சாட்சி.

இப்ப நம்ம ஆட்களுக்கு

சிரிப்பவர்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள். சேர்ப்பவர்களே, கிட்ட வாங்க.

நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்கிறோம்? படத்தை மட்டும் கத்தரித்து, ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டி, 'யானை - 14, புலி - 22, நடிகை - 9' என்று எண்ணிக்கை போடுகிறோம். அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி ஓடுமே, எந்த மேட்ச் ஒர்க்ஸ், எந்த ஊர், எந்த அச்சகம் என்று? அது படத்தின் அழகைக் கெடுக்கிறதாம். வெட்டிவிடுகிறோம்.

அந்த வரிதான் ஐயா உயிர்!

என்னிடம் உள்ள லேபிள்களை நான் எப்படி வருஷம் பிரிக்கிறேன் தெரியுமா? விலை 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா காலம், அதாவது 1957க்கும் 1964க்கும் நடுவில். முகவரியில் மதராஸ் மாநிலம் என்று இருந்தால் 1969க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டம் என்றால் 1985க்கு முன்னால் எழுதின முகவரி. காமராஜர் மாவட்டம் என்றால் அதற்கு அப்புறம். விருதுநகர் மாவட்டம் என்றால் இன்னும் பிந்தியது. குடியாத்தம் லேபிளில் வட ஆற்காடு மாவட்டம் என்று பார்க்கும்போது, 1989 வரை நம்ம திருவண்ணாமலையும் அதே மாவட்டம்தானே என்று ஒரு சின்ன சந்தோஷம். விலை 1 ரூபாய் என்றால் 2021 டிசம்பருக்கு முந்தியது, 14 வருஷம் அதே விலையில் ஓடி அப்புறம்தான் 2 ரூபாய் ஆச்சு. (பழைய பிளாக்கை வைத்துக்கொண்டு பல வருஷம் அடிப்பார்கள், அதனால் இது தோராயக் கணக்கு. ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.)

இத்தனையும் அந்த எறும்பு வரியில் இருந்தது. நீங்கள் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டது அதைத்தான். மிச்சம் இருப்பது வயசும் ஊரும் அப்பனும் இல்லாத ஒரு யானை. அதைக் குப்பை என்று ஒருத்தன் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அமெரிக்கச் சுருட்டு லேபிள் எப்படிக் கலை ஆச்சு? அவர்கள் ஓவியர்கள் எல்லாம் தெய்வப் பிறவிகள் என்பதால் இல்லை. அங்கேயும் வரைந்தவர்கள் பெரும்பாலும் பெயர் இல்லாத கூலிக்காரர்கள்தான். ஆனால் அச்சகத்தின் பெயரையும் லேபிள் எண்ணையும் ஓரத்தில் விட்டு வைத்தார்கள். விற்பனைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த சாம்பிள் புத்தகங்களைப் பத்திரப்படுத்தினார்கள். எந்த அச்சகம் எந்த வருஷம் எதோடு சேர்ந்தது என்று எழுதி வைத்தார்கள். 1892இல் பல அச்சகங்கள் சேர்ந்து அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி ஆனது வரைக்கும் அவர்களுக்கு அத்துப்படி. படத்தோடு கதையும் சேர்ந்ததால்தான் மதிப்பு வந்தது.

இங்கேயோ, செங்கம் ரோட்டில் ஒரு கடையில் தீப்பெட்டிப் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறார்கள். எந்த ஊர் லேபிள், யார் அடித்தது என்று கேட்டேன். "விண்டேஜ் சார்" என்றார் கடைக்காரர். விண்டேஜ் என்பது எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நெட்டில்தான் படம் கொட்டிக் கிடக்கே" என்பவர்களுக்கும் இதே பதில். கொட்டிக் கிடப்பதில் பெரும்பாலானது முன்பக்கம் மட்டும், அதுவும் வெட்டின முன்பக்கம்.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், பாடசாலைப் பையனால் என்ன முடியும் என்கிறீர்களா? கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். சைன்போர்டு எழுதுகிற ஓவியர். புத்தகத்தோடு நிறுத்தாமல் அழைப்பிதழ், நோட்டீஸ் என்று ஊர் தூக்கிப் போட்ட காகிதத்தையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்றைக்குத் தமிழில் ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் அந்தப் படி ஏறாமல் இருக்க முடியாது. அவரையும் அன்றைக்கு நாலு பேர் குப்பை பொறுக்கி என்றுதான் சொல்லியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

ஆகவே மகாஜனங்களே, கேட்பது ரொம்பக் கொஞ்சம்:

1. லேபிளை வெட்டாதீர்கள். முழுப் பெட்டியாகக் கிடைத்தால் முழுப் பெட்டியாகவே வையுங்கள்.
2. பசையும் செலோடேப்பும் வேண்டவே வேண்டாம். காகித மூலையில் செருகுங்கள்.
3. எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். வேங்கிக்கால் பழைய பேப்பர் கடையாக இருந்தாலும் சரி, அதுவும் வரலாறுதான்.
4. அடிவரியை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு.
5. சிவகாசி, கோவில்பட்டி, குடியாத்தம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர்களைத் தேடிப் பேசுங்கள். எத்தனை கலர், யார் வரைந்தது, என்ன கூலி என்று கேளுங்கள்.

ஐந்தாவதுதான் அவசரம். இப்போது வருவது அட்டைப்பெட்டி. படம் அட்டையிலேயே அச்சாகிவிடுகிறது. தனியாக ஒட்டுகிற லேபிள் ஏறக்குறைய முடிந்த கதை. கல்லிலும் தகட்டிலும் கையால் புள்ளி வைத்த கடைசித் தலைமுறைக்கு வயசாகிவிட்டது. காகிதத்தைப் பழைய பேப்பர் கடையிலாவது தேடிப் பிடித்துவிடலாம். அந்தத் தாத்தாக்களின் நினைவை எந்தக் கடையில் கிலோ கணக்கில் வாங்குவது?

டிஸ்கி: எனக்குச் சுருட்டு, பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் இல்லை. தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனால் மட்டும் அண்ணாச்சி ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அவர் வீட்டில் சொல்லிவிடாமல் இருக்க அண்ணாமலையார்தான் காப்பாத்தணும் :-)